மீசையில் ஏறிய விண்கல்

மீசைக்காரருக்கு மூச்சை அடக்குவதுதான் பிழைப்பு. விண்கல்லைப் பொடித்து, அதில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத துகளை ஊசி முனையில் எடுத்துத் தங்கத் தகட்டில் வைக்க வேண்டும். தும்மினால் போச்சு. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி சத்தம் போடும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மனுஷன் எவ்வளவு கவனமாகக் கேட்கிறார் என்று அவள் ரொம்ப நாள் ஏமாந்திருந்தாள்.

தகட்டில் வைத்த பிறகு ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம் பாடு. லேசரால் ஒரு சுடு சுட்டால் துகள் கொஞ்சம் ஆவியாகும். இன்னொரு லேசர் அந்த ஆவியிலுள்ள இரும்பு அணுக்களுக்கு மட்டும் மின்சாரம் ஏற்றிக் குழாய்க்குள் விரட்டும். எடை குறைந்த இரும்பு முந்தி வரும், கனத்த இரும்பு பிந்தி வரும். எது எவ்வளவு என்று எண்ணினால், அது நம்ம பூமிச் சரக்கா, வேறெங்கோ நட்சத்திரத்துச் சரக்கா என்று தெரிந்துவிடும்.

அன்றைக்கு எடுத்த துகள் சூரியனுக்கே மூத்தது என்று மேடத்துக்குச் சந்தேகம். வருஷக்கணக்கில் சலித்ததில் அப்படி ஒன்றே ஒன்றுதான் சிக்கியிருந்தது. முகமூடி போட்டால் மூச்சுக்காற்று மேலே ஏறி நுண்ணோக்கிக் கண்ணாடி மங்குகிறது என்று நம்மாள் அதை மோவாய்க்கு இறக்கிவிட்டுக் குனிந்தார். காற்றில் ஈரமே இல்லாத நாள், தொட்டதிலெல்லாம் நிலைமின்சாரம். ஊசி முனையில் இருந்த துகள் சட்டென்று எகிறியது. கீழே போகவில்லை, மேலே போனது. மேலே இருந்தது மீசை.

உதட்டை அசைக்காமல் போய் விஷயத்தைச் சொன்னார். மேடம் கத்தவில்லை.

"மூக்கு வழியா மூச்சு விடாதீங்க. பேசவும் வேணாம். அப்படியே உக்காருங்க."

மேடமே தூரிகையால் மீசையை வாரிக் கண்ணாடித் தட்டில் உதிர்த்தார். பெரிதாக்கிப் பார்த்தால் அது மீசையே இல்லை, குப்பைமேடு. கிடைத்த கறுப்புத் துகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்தார்கள். அத்தனையும் பூமி இரும்பு. ஞாயிற்றுக்கிழமை மச்சானின் இரும்புப் பட்டறையில் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து அரட்டை அடித்த பலன். மச்சான் பட்டறைத் தூசியை இவ்வளவு செலவு செய்து அளந்தவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

மேடம் கத்தரியை எடுத்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கூட இருக்கும் மீசை. மனைவி விடமாட்டாள் என்று நம்பி, இவர் ஊமையாகச் செல்போனை நீட்டினார். மேடம் பேசினார்.

"தாராளமா எடுத்துக்குங்க மேடம்," என்றாள் அவள். "முன்னாடியே சொல்லியிருந்தா நானே வெட்டிக் குடுத்து விட்டிருப்பேன்."

தண்ணீர் படக்கூடாது, சோப்பு படக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி மேலுதட்டை மொட்டையாக்கினார்கள். இடது ஓரத்து நரைமுடி ஒன்றின் நடுவில் துகள் சொகுசாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தெடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. முடியோடு சேர்த்தே தகட்டில் அழுத்திச் சுட்டார்கள். கனத்த இரும்பின் பங்கு பூமிக் கணக்குக்கு ஒத்தே வரவில்லை. மேடம் நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வீட்டில் கதவைத் திறந்த மனைவி அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். சூரியனுக்கு முந்திப் பிறந்தது தன் மீசையில் தங்கிவிட்டுப் போனதை இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"அதெல்லாம் இருக்கட்டும். நீங்க அச்சு அசலா எங்க சின்ன மாமா மாதிரி இருக்கீங்க," என்றாள்.

அந்த மாமாவை அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் பிடிக்காது.

"யாரும் பாக்கறதுக்குள்ள உள்ள வாங்க. இன்னைலேருந்தே வளக்க ஆரம்பிங்க."