என்னைப் பற்றிய இரங்கற்பா

லேக் மார்க்கெட்டில் காபிப்பொடி அரைபடக் காத்திருந்தபோதுதான் நான் செத்துப்போன விஷயம் எனக்குத் தெரிந்தது.

சிரிக்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தில் கூரியர்க்காரர் ஒரு பார்சலைக் கையில் திணித்துவிட்டுப் போனார். துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து கடை வாசலில் நின்றபடியே பிரித்தேன். என் நண்பன் மூர்த்தியின் கவிதைகள், முழுத்தொகுப்பு. அவன் போன பிறகு, பெட்டியில் கிடந்த காகிதங்களையெல்லாம் அவன் மகள் மிதிலா போட்டோ எடுத்துச் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பிக் கொண்டுவந்த புத்தகம். உயிரோடு இருந்தபோது அவன் போட்டது இரண்டே இரண்டு ஒல்லிப் புத்தகங்கள். சட்டைப்பையில் வைத்தால் வைத்ததே தெரியாது. இதுவோ செங்கல் கனம் கனத்தது. புதுப் பசை வாசனையும் காபிக்கொட்டை வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏற, நடுவில் எங்கேயோ பிரித்தேன். 'மறைந்த நண்பர்களுக்கு' என்று ஒரு பகுதி. அதில் ஒரு கவிதையின் தலைப்பாக என் பெயர், இனிஷியல் சகிதம். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'கவிஞரின் நெருங்கிய நண்பர். கவிஞருக்கு முன்பே காலமானவர்.'

தூக்கிவாரிப் போட்டது. கவிதையைப் படிக்காமலே புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டேன். சிக்கரி எவ்வளவு போடட்டும் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். செத்தவனுக்கு எதற்குச் சிக்கரி?

மூர்த்திக்குச் சிக்கரி ஆகாது. அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. கேண்டீன் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, நாட்டுக்கு ஏதோ நேர்ந்துவிட்டதுபோல் முகத்தை வைத்துக்கொள்வான். அவன் மேஜைக்கு வந்த ஃபைல் நகராது. கவிதையும் அப்படித்தான். ஐந்து வரிக்கு ஒரு மாதம் ஆகும். எழுதி, அடித்து, திரும்ப எழுதி, காபிக் கறையோடு என்னிடம் நீட்டுவான். நன்றாயிருக்கிறது என்றால் சந்தேகப்படுவான், பேசாமல் இருந்தால் கோபப்படுவான். அத்தனை வருஷப் பழக்கத்தில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை. நானும் கேட்டதில்லை. கேட்க ஆசை இருந்தது என்பது வேறு விஷயம்.

அப்போது இங்கே வங்காளத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மாடிக் கூடம் இருந்தது. பொங்கலுக்குக் கூட்டம் வரும், நவராத்திரிக்குச் சுண்டல் வரும், மற்றபடி இரங்கல் கூட்டங்கள்தான். படத்துக்கு மாலை போடுவார்கள், நாலு பேர் பேசுவார்கள், மூர்த்தி இரங்கற்பா படிப்பான், எல்லோரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமாக நிற்போம். பிறகு காபி. மூர்த்தி கடைசி வரிசையில் உட்கார்ந்து, தாமதமாக வரப்போகும் எனக்காகப் பக்கத்து நாற்காலியில் தன் குடையைப் போட்டு வைத்திருப்பான். நிற்பவர்கள் உட்காரட்டும், குடையை எடுங்கள் என்று செயலாளர் முறைப்பார். அவன் காதில் வாங்கவே மாட்டான்.

முதன்முதலில் அவனை இரங்கற்பா எழுதச் சொன்னபோது பெரிய அவமானமாகிவிட்டது. காலையில் சாவு, மறுநாள் மாலை கூட்டம். ஐந்து வரிக்கு ஒரு மாதம் எடுப்பவன் என்ன செய்வான்? வெள்ளைத் தாளோடு மைக் முன்னால் போய் நின்றான், கும்பிட்டான், திரும்பி வந்துவிட்டான். இறந்தவர் அவனுக்கு ரொம்ப வேண்டியவர்.

அதற்கப்புறம் ஆளே மாறிவிட்டான். காலையில் ஒருவர் போனால் மாலையில் கவிதை தயாராக இருக்கும். எதுகை இல்லாமல் என்ன கவிதை என்று செயலாளர் முணுமுணுப்பாரே தவிர, அவன் வேகத்தைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். துக்கம் வந்தால் அவனுக்குக் கவிதை பொங்கிவிடுகிறது என்று நாங்கள் நம்பினோம்.

எங்கே பொங்கியது! பாவி, எல்லோருக்கும் முன்கூட்டியே எழுதிப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறான். உயிரோடிருக்கும் எனக்கே ஒன்று இருப்பதைப் பார்த்து, கடை வாசலில் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது. எதிரே உட்கார்ந்து வடை தின்றுகொண்டே, தையல்காரர் அளவெடுக்கிற மாதிரி எங்களை அளவெடுத்திருக்கிறான். ஒரு நாள் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "நீ ஏன்டா எப்பவுமே லேட்டு?" என்றான். பஸ் என்றேன். "பஸ் இல்ல" என்றான். திட்டுகிறான் என்று நினைத்தேன்.

புத்தகத்தைத் திறக்க பயமாக இருந்தது. காரணம், அவன் இரங்கற்பாவில் பொய் சொல்ல மாட்டான். சங்கத்துப் பொருளாளர் இறந்தபோது, 'இவர் சிரித்து நான் பார்த்ததில்லை' என்றுதான் ஆரம்பித்தான். கூடமே அதிர்ந்துபோயிற்று. அவர் மனைவிதான், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி இன்னும் சத்தமாக அழுதாள். எனக்கு என்ன எழுதி வைத்திருக்கிறானோ?

மிதிலாவுக்குப் போன் செய்தேன். காளிகாட்டிலிருந்து ஆட்டோ பிடித்து உடனே ஓடி வந்தாள். பக்கத்து டிபன் கடையில் உட்கார்ந்தோம். அடிக்குறிப்பைப் படித்துச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. இதெல்லாம் என்ன கவிதைகள் என்று சென்னையிலிருந்து கேட்டார்களாம், இரங்கல் கவிதைகள் என்று இவள் சொன்னாளாம்.

"எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராதே மாமா. கண்டோலன்ஸ் கவிதைன்னு மட்டும் தெரியும். கண்டோலன்ஸ்னா செத்தவாளுக்குத்தானே?"

எல்லாப் பிரதிகளையும் திரும்ப வாங்கிவிடுகிறேன் என்று அழுதாள். வேண்டாம் என்றேன். அடுத்த பதிப்பில் 'முன்பே' என்பதைப் 'பின்பு' என்று மாற்றச் சொன்னால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"அப்பா உங்களப் பத்தி என்ன எழுதியிருக்கார்? படிச்சுக் காட்டுங்கோ மாமா."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவள் அப்பாவின் எழுத்து, அவளால் படிக்க முடியாத எழுத்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூர்த்தி படிப்பதுபோலவே நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

'கடைசி வரிசையில்
கதவோரத்து நாற்காலியில்
என் குடை இருக்கிறது.
யாரும் எடுக்க வேண்டாம்.
அவன் தாமதமாகத்தான் வருவான்.'

அவ்வளவுதான். ஐந்து வரி. அதற்கு எத்தனை மாதம் எடுத்துக்கொண்டானோ, எனக்குத் தெரியாது. உயிரோடு இருந்தபோது இதில் ஒரு வரியைச் சொல்லியிருக்கக் கூடாதா, படுபாவி!

நிமிர்ந்து பார்த்தால் மிதிலா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். தலை குனிந்து, கைகளைக் கோத்துக்கொண்டு. சின்ன வயதில் அந்தக் கூடத்தில் அப்பா படித்து முடித்ததும் எல்லோரும் எழுந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள். பழக்கம், அவளுக்கே தெரியாமல் நின்றுவிட்டாள். எனக்குத் திக்கென்றது. பிறகு அவளைத் தனியாக நிற்க வைக்க மனமில்லாமல் நானும் எழுந்து நின்றேன், எனக்காக.

இப்போது அந்தக் கூடம் இல்லை, புடவைக்கடை ஆகிவிட்டது. செயலாளர் இல்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களில் என்னைத் தவிர யாரும் இல்லை. யாராவது போனால் வாட்ஸ்அப்பில் கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வருகின்றன. மூர்த்தி போனபோது அவனுக்குப் படிக்க ஒரு வரி இல்லை. ஊருக்கெல்லாம் எழுதி வைத்தவன் தனக்கு எழுதிக்கொள்ளவில்லை. பிறகு புத்தகம் முழுக்கத் தேடிவிட்டேன்.

நாங்கள் நிற்பதைப் பார்த்துக் கிளம்பிவிட்டோம் என்று நினைத்தார் சர்வர். முடிஞ்சுதா என்று பெங்காலியில் கேட்டபடி மேஜையைத் துடைத்தார். ஒரு நிமிஷம் முடிந்து நான் உட்காரத் திரும்பினேன். என் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து தோசைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மேல் என்ன தப்பு? அதில் குடை இல்லையே.