கடலுக்குப் போய் வந்த ரேஸ் கார்

காரின் எடை அறுபது கிலோ கூடியிருக்கிறது என்று தெரிந்த அன்று எங்கள் மெக்கானிக் அண்ணன் மத்தியானம் சாப்பிடவில்லை. அவர் சாப்பிடாமல் இருந்து நான் பார்த்த ஒரே நாள் அது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் ஷெட்டுக்கு எதிர்க்கடையில் நான் ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தாம்பரத்தில் பழைய பேப்பர் கடையில் பொறுக்கிய இங்கிலீஷ் பத்திரிகைகள் தந்த ஞானம்தான். பாதி படம், பாதி ஊகம்.

கார் சேலையூர் டாக்டருடையது. இங்கிலாந்தில் ஒரு சின்னப் பட்டறையில் பிறந்த, ரெண்டே சீட்டு வண்டி. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரே ஒரு இரும்புச் சட்டம், மேலே முட்டை ஓடு கணக்காக மெல்லிய ஃபைபர் உடம்பு. இன்ஜின் ஒன்றும் பெரிய இன்ஜின் இல்லை. ஆனால் கனமே இல்லாததால், நேர்ச்சாலையில் முந்திப்போன பெரிய வண்டிகளையெல்லாம் இது வளைவில் பிடித்துவிடுமாம். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் டாக்டரே அப்படிப் பலரைப் பிடித்திருக்கிறார். அந்தக் கதையைச் சொல்லும்போது நோயாளி காத்திருப்பது அவருக்கு மறந்துபோகும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பழைய கார்களுக்கு ஒரு ரேஸ் வந்தது. டாக்டர் அண்ணனிடம் சொன்னார்: "பாடியெல்லாம் கிராக் விட்டிருக்கு, சரி பண்ணு. ஞாயித்துக்கிழமை நானே வந்து எடை போட்டுப் பார்ப்பேன். வெயிட் பழையபடி இருந்தா நீயே ஓட்டு. இல்லேன்னா கோயம்புத்தூர் ரேஸ் பட்டறைக்கு அனுப்பிடுவேன். ரேஸ்ல ஓட்டுறதும் அவங்க ஆள்தான்."

இருபது வருடமாக ஊரார் கார்களைப் பக்கத்திலிருக்கும் கேம்ப் ரோடு வரைக்கும் ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தே பழகிய மனிதர். ரேஸ் டிராக்கில் ஓட்டலாம் என்றதும் அன்றைக்கே காரை ஷெட்டுக்குள் ஏற்றிவிட்டார்.

ஃபைபர் வேலைக்கு அண்ணன் தன் மச்சானைப் பிடித்தார். கடற்கரைக் குப்பத்துக்காரர். சுனாமிக்குப் பிறகு எல்லாக் குப்பத்திலும் ஃபைபர் போட் வந்துவிட, அதை ஒட்டுவதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியிருந்தார். வேலையைப் பளபளவென்று முடித்து, புதுப் போட்டுக்குச் செய்வதுபோலவே சந்தனம் குங்குமம் வைத்து, சூடமும் காட்டினார். ஆசையாக லாரி எடைமேடையில் ஏற்றினோம். அறுநூற்று ஐம்பது இருக்க வேண்டியது எழுநூற்றுப் பத்து காட்டியது.

"எத்தினி லேயர்டா போட்ட?" என்றார் அண்ணன்.

"அஞ்சு, மாமா. அடில மட்டும் ஏழு."

"ஏழா! இன்னாத்துக்குடா?"

"அடிதான மாமா அலைல படும்?"

"ரோட்ல ஏதுடா அலை?"

"மழைக்காலத்துல வேளச்சேரி பக்கம் வந்து பாரு. கதவுக்குள்ள தெர்மோகோல் வேற அடைச்சிக்கீறேன். கவுந்தாலும் முழுகாது."

லேயரைத் தேய்த்தெடுக்க அண்ணன் கிரைண்டரை எடுத்தார். மச்சான் குறுக்கே நின்றுகொண்டார். "சூடம் காட்டியாச்சு மாமா. ஒருதபா தண்ணி பாத்துட்டு வர்ற வரைக்கும் அதும்மேல ஆயுதம் படக்கூடாது. எங்காண்ட எவனும் பண்ண மாட்டான்."

"குழாத்தண்ணி ஊத்தறேன்டா!"

"போட்டை குழாயடிலயா எறக்குவாங்க?"

அக்கா, அதாவது அண்ணனின் மனைவி, தம்பி பக்கம் சேர்ந்துவிட்டார். அதற்குமேல் அப்பீல் இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ரேஸ் கார் கடலுக்குக் கிளம்பியது. பக்கத்து சீட்டில் நான். மச்சான் முன்னால் பைக்கில். "உப்புத்தண்ணி, இரும்புச் சட்டம், ஐயோ" என்று அண்ணன் வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார். முன்சக்கரத்தை நுரை தொட்டதுதான் தாமதம், பின்சக்கரம் மணலில் அச்சுவரை இறங்கிவிட்டது. அடுத்த அலை பெரிதாக வருகிறது. அண்ணன் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் ஓடிவந்தார்கள். எட்டே பேர். எங்கள் ரெண்டு பேரை மட்டும் இறக்கிவிட்டு, காரை அப்படியே தூக்கிப்போய்த் தார் ரோட்டில் வைத்தார்கள்.

"இதுக்கா மாமா வெயிட்டு வெயிட்டுன்ன?" என்றார் மச்சான். "போட்டுன்னா இருபது பேர் வேணும்!"

நல்ல தண்ணீர் ரெண்டு டிரம் ஊற்றிக் கழுவினோம். பிறகு மூன்று நாள் தேய்ப்பு. மச்சானே உட்கார்ந்து தன் லேயர்களைத் தேய்த்தார், தன் பிள்ளைக்குத் தானே மொட்டையடிக்கிற முகத்தோடு. ஃபைபர் தூள் பட்டு ராஜகீழ்ப்பாக்கமே சொறிந்துகொண்டது.

ஞாயிறு காலை டாக்டர் வந்தார். எடைமேடை அறுநூற்று அறுபது காட்டியது. பத்து கிலோ அதிகம். டாக்டர் எடைச் சீட்டைப் பார்த்தார், குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், இடுக்கிலிருந்து ஒரு குட்டிச் சிப்பியை எடுத்தார்.

"என்னப்பா இது?"

"பெரும்பாக்கத்துல ரோடு போட மண்ணு கொட்டிகினு கீறாங்க சார்" என்றார் அண்ணன்.

டாக்டர் அந்தச் சிப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அண்ணனின் தொப்பையை ஒருதரம் பார்த்தார். "மீதி பத்து கிலோவை நீ குறைச்சுடு. நீதான் ஓட்டுற."

ரேஸ் வரைக்கும் அண்ணன் ராத்திரிக்கு ரெண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டார். ரேஸில் ஆறு வண்டி. நேர்ச்சாலையில் எல்லோரும் அவரை முந்தினார்கள். வளைவில் ஒருவரைப் பிடித்தார், ஐந்தாவதாக வந்தார். ரேஸ் முடிந்ததென்று கட்டம்போட்ட கொடியை ஆட்டினார்கள். மற்ற வண்டிகளெல்லாம் வேகம் குறைத்தன. அண்ணன் குறைக்கவில்லை. அதே வேகத்தில் இன்னொரு சுற்று போனார். கொடிக்காரர் கையை நீட்டிக் கத்துகிறார், அண்ணன் அவருக்கு டாட்டா காட்டிக்கொண்டே போகிறார்.

அதற்குத் தண்டனையாக அவர் பெயரை முடிவுப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டார்கள். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு, "கொடி தெரியலையாப்பா?" என்றார்.

"நல்லா தெரிஞ்சுது சார்" என்றார் அண்ணன். "நிறுத்திட்டா எறங்கணுமே!"