ஜீப்பை உயர்த்தினோம், ஏறுகிறவளை மறந்தோம்

ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு முதல் டிவி வந்து, சனமெல்லாம் அந்த வீட்டு ஜன்னலில் தொங்கிய வருசம்தான் இந்த ஜீப்பை வாங்கினேன்.

இன்று என் மகன், எங்கள் வீட்டு வாசலிலேயே அதற்குப் புது ஸ்பிரிங் மாட்டி, பெரிய டயர் போட்டு, நன்றாக உயர்த்திவிட்டான். இனி எந்தப் பாறையும் அடியில் தட்டாது.

"அம்மா, ஏறு. பிளவக்கல் அணைக்குப் போவோம்" என்றான்.

என் வீட்டுக்காரி சுப்புத்தாய் ஆசையாகப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். காலைத் தூக்கிப் பார்த்தாள், எட்டவில்லை. முழங்கால் வலி வேறு.

"ஏலே, எம்புட்டு உசரம்! ஆனை மேல ஏறவா கூப்பிட்ட? நீங்க போயிட்டு வாங்க."

மகன் முகம் சுருங்கிவிட்டது.

எனக்கு அளக்கிற டேப்பில் எண் பார்க்கத் தெரியாது. அவள் கால் எழும்புகிற மட்டத்தைச் சாண் போட்டு அளந்தேன். ஒரு சாண், நாலு விரல். மகன் இரும்புக் குழாயை வெட்டி, அந்த மட்டத்துக்குப் படி ஒன்றை வெல்டிங் வைத்தான்.

ஏறி உட்கார்ந்தாள். அந்த உயரத்திலிருந்து, மேற்கே மேகம் கவிந்த மலை பக்கத்தில் தெரிந்தது.

"ஏங்க, மலை நம்ம வாசலுக்கே வந்துட்டாப்ல இருக்கு."

வண்டியை உயர்த்துகிற தம்பிமாரே, உங்கள் வீட்டில் யார் காலை அளந்தீர்கள்? சொல்லுங்கள்.

அணைக்குக் கிளம்பினோம். வாங்கின அன்று இதே ரோட்டில் ஆறு பேர் பாடிக்கொண்டே போனோம். வண்டி ஓட்டிய என்னை விட்டால், அந்த ஆறு பேரில் இன்றைக்கு உயிரோடு இருப்பது சுப்புத்தாய் ஒருத்திதான்.