தப்பு மேடத்தின் அடுத்த வகுப்பு

தப்பு மேடத்தைத் தெரியாதவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் கிடையாது. மோட்டார் பாடம் எடுப்பவர். ஒவ்வொரு வகுப்பிலும் வேண்டுமென்றே ஒரு தப்பை நுழைத்துவிடுவார். பிள்ளைகள் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். சரியாகச் சொன்னாலும் உளறினாலும், "நல்ல முயற்சி. உட்காருங்க. விடை அடுத்த வகுப்புல" என்பார். அதுவரை தலைகீழாக நின்றாலும் அவர் வாயிலிருந்து விடை வராது. பிள்ளைகள் வாரம் முழுக்க அடித்துக்கொள்வார்கள். தப்பு சொல்லியே நல்ல பேர் வாங்கியவர் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

பிறகு மின்சாரக் கார் வந்தது. பாடப்புத்தகம் அச்சாகி வருவதற்குள் பழசாகிவிட்டது. கார் கம்பெனிக்காரர்களோடு பேசிவிட்டுத் துறைத்தலைவர் மேடத்தைக் கூப்பிட்டார்.

"உங்க முகமும் குரலும் போதும் மேடம். பழைய வகுப்பு வீடியோவையெல்லாம் மெஷினுக்குக் குடுத்துடுவோம். புதுப் பாடத்தை அதுவே உங்களை மாதிரி நடத்திடும்."

மேடத்துக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றே தலையாட்டிவிட்டு வந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

அவர் மகளும் அதே துறையில் படித்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்: "திரையில வர்ற மேடம் உன்னைவிடப் பொறுமைம்மா. எத்தனை தடவை கேட்டாலும் சலிச்சுக்கறதே இல்ல."

மேடம் சிரித்து வைத்தார்.

மறுநாள் காலை கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். திரையில் அவரே வந்து தொண்டையைச் செருமினார். கடைசி வரிசையில் மேடத்தின் கை தானாகத் தொண்டைக்குப் போனது. தான் ஒருநாளும் நடத்தாத பாடத்தைத் தன் வாயே நடத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மின்சாரக் காரோட பாதுகாப்பு பிளக்கைப் பிடுங்கியாச்சுன்னா உள்ள கரண்ட் கிடையாது," என்றது திரை. "உடனே கை வைக்கலாம்."

பிளக்கைப் பிடுங்கினாலும் ஆளைக் கொல்லும் மின்சாரம் உள்ளே சில நிமிஷம் தங்கியிருக்கும். மெஷின் அவர் குரலை மட்டுமா எடுத்துக்கொண்டது, பழக்கத்தையும் சேர்த்தல்லவா எடுத்துக்கொண்டிருக்கிறது! முன்பெல்லாம் பாடத்துக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு வாரம் கிடைக்கும்; அதற்குள் விடை வந்துவிடும். இப்போது கார் கம்பெனிக்கு ஆள் அவசரம். பாடம் முடிந்த கையோடு பட்டறை.

மேடம் எழுந்து கையைத் தூக்கினார். "இது தப்பு. உடனே கை வைக்கக் கூடாது."

திரையிலிருந்த முகம் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தது. "நல்ல முயற்சி. உட்காருங்க. விடை அடுத்த வகுப்புல."

வகுப்பே சிரித்தது. முன்வரிசையிலிருந்து மகள் ஓடி வந்தாள். "மானம் போகுதும்மா, உட்காரு."

"நிஜமாவே தப்புடி. தொடாதே."

"நீ சொல்றதுல எப்பவும் ஒரு தப்பு இருக்குமே. அது இதுதானோ என்னவோ!"

மணி அடித்தது. பிள்ளைகள் திபுதிபுவென்று பட்டறைக்கு ஓடினார்கள்.

பட்டறையில் ஆசிரியர் இல்லை. அங்கேயும் ஒரு திரை, ஒரு ஒலிபெருக்கி. மேடம் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது மகள் காரின் பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, உள்ளே கையை நீட்டிக்கொண்டிருந்தாள். மேடம் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். மேசையிலிருந்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு மீட்டரின் இரண்டு முனைகளையும் உள்ளே வைத்தார்.

முந்நூற்றுச் சொச்சம் வோல்ட் காட்டியது. எண் மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. மகளின் முகத்தில் ஈயாடவில்லை. மேடம் அவளைக் கட்டிக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதார்.

மேலே ஒலிபெருக்கியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அடுத்த வகுப்பு ஆரம்பம்," என்றது மேடத்தின் குரல், அதே பொறுமையோடு. "போன வகுப்புல ஒரு தப்பு சொன்னேன். யாராவது கை வச்சுப் பாத்தீங்களா?"