உம்மா பேசி அனுப்பிய டேப்

அன்று நாங்கள் குடியிருக்கும் வெளிநாட்டு ஊரான கான் ஹொயில், எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர்: நான், என் மனைவி ஜுபைதா, வேலை பார்க்கும் பின் யுவோங் என்ற ஊரிலிருந்து லீவில் வந்திருந்த அவள் அண்ணன் காதர்.

காலமான என் மாமியார் காரைக்காலிலிருந்து மகளுக்காகப் பேசி அனுப்பிய வீடியோ டேப்பில் மட்டும்தான் அவர் குரல் எங்களிடம் இருந்தது. பூஞ்சை பிடித்துவிடுமோ என்ற பயத்தில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தேன். அமெரிக்கச் சொந்தக்காரர்களின் கல்யாண டேப் நன்றாக ஏறியிருந்ததால், அதே செட்டிங்கை மாற்றாமல் விட்டுவிட்டேன்.

படம் குதித்துக் குதித்து ஓடியது. மாமியார் கையை அசைத்தால் விளிம்பெல்லாம் சீப்புப் பற்கள் போலக் கோடு. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு, டேப்தான் கெட்டுப்போகிறது என்று தோன்றியது. திரும்பத் திரும்பச் சுற்றி ஓட்டினேன்.

"போதுங்க, உம்மாவ விட்டுடுங்க" என்றாள் ஜுபைதா.

"இன்னும் ஒரே தடவ" என்றேன். கரகரவென்று சத்தம். மெஷின் டேப்பை மென்றுவிட்டது. 'என் மவளே' என்று தொடங்கும் இடம் கசங்கி அறுந்திருந்தது.

காதர் திரையைப் பார்த்தார். "மச்சான், இது நம்மூர் டேப்பு. நொடிக்கு இருபத்தஞ்சு படம். அமெரிக்கா டேப்புக்கு வச்ச முப்பதுல ஓட்டினா குதிக்காம என்ன செய்யும்?"

"அந்தக் கோடு?"

"அது எல்லா டேப்புலயும் உள்ளதுதான், டிவியில தெரியாது. ஏத்தின பொறவு கம்ப்யூட்டர்லயே கோட்ட நீக்கியிருக்கலாம்."

ஜுபைதா அறுந்த துண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இப்போதெல்லாம் எந்த ஊர் டேப் என்று கேட்காமல் நான் மெஷினில் போடுவதில்லை. கோடு தெரிந்தாலும் நிறுத்தாமல், ஒரே ஓட்டத்தில் ஏற்றிவிடுகிறேன். அறுந்த இடத்துக்கு அப்பால், மாமியார் மகளுக்காகக் கேட்டிருந்த துஆவை மட்டும் அப்படித்தான் ஏற்றினேன். ஜுபைதா இன்னும் அதைப் பார்க்கவில்லை.