மணத்தக்காளிக் கட்டு

மயிலாப்பூர் மாட வீதியில், கன்னத்தைப் பிடித்தபடி நின்ற ஆட்டோக்காரரிடம் கீரைக்கார அம்மா சொன்னார்: "வாய்ப்புண்ணா? மணத்தக்காளி துன்னு நைனா, ஆறிப்பூடும்." உடனே, எங்கள் பழைய வீட்டில் அந்தக் கீரை வேகும் கசந்த வாசனை என் மூக்கில் ஏறியது.

அப்பா கோடம்பாக்கத்தில் சினிமா லைட்மேன். படப்பிடிப்புத் தளத்தில் பீடி பிடிக்க விடமாட்டார்கள் என்று புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். அதே இடத்தில் புண் வந்தது. வலித்தால், மரத்துப்போகட்டும் என்று அதன்மேலேயே இன்னும் கொஞ்சம் வைப்பார். "உனக்குச் சூட்டு ஒடம்புய்யா" என்று அம்மா தினமும் கீரை சமைத்தாள்.

வாயைத் திறக்கவே முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "புண்ணு எப்ப வந்துச்சு?" என்றார் டாக்டர்.

"போன மழைக்கு சார். ஒரு நாள் உடாம கீரை குட்த்துக்கினு கீறேன்" என்றாள் அம்மா, பெருமையாக. டாக்டர் சதைப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார்.

பாதித் தாடையை எடுத்தார்கள். அடுத்த மழைக்கு அப்பா இல்லை. "கத்தி வெச்சே கொன்னுட்டானுங்க. கீரையே போதும்னு இருந்திருக்கணும்" என்று சாகும்வரை சொன்னாள் அம்மா.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணே" என்றேன் ஆட்டோக்காரரிடம். அவர் கன்னத்திலிருந்த புகையிலையை மறுபக்கம் தள்ளிவிட்டுச் சிரித்தார்.

"சூடுதான் சார்" என்று இரண்டு கட்டு வாங்கிக்கொண்டார்.