இரண்டு சுற்று என்று சொல்லிவிட்டுப் போன மாமா

அம்மாவின் இஸ்திரிப்பெட்டி காணாமல் போன மாதத்தில்தான் மாமாவின் விமானத்துக்கு இறக்கை முளைத்தது. அலுமினியக் குழாய்களின் மேல் துணியை ஒட்டிச் சூடாகத் தேய்த்தால், அது சுருங்கி மத்தளத் தோல்போல விறைத்துக்கொள்ளும். தான் எடுத்துப்போன பெட்டியைத் தன் ரூமில் யாரோ இரவல் வாங்கிப் போய்விட்டதாக மாமா அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. வளைகுடாவில், ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். மூன்று வருடமாக, வார விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில், யாழ்ப்பாணத்துக்காரரான ஒரு அங்கிளோடு சேர்ந்து, ஒரு தகரக் கொட்டகையில் அந்தக் குட்டி விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்திறங்கும். ஒருவர் மட்டும் உட்காரலாம். ஓட்டப் பழகி லைசென்சும் வாங்கிவிட்டார். அம்மாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. "ஆகாசத்துல என்னல வேலை உனக்கு?" என்று ஒருநாள் அவள் போட்ட கூச்சலில், விமானத்தை விற்றுவிட்டதாக மாமா சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. நாங்களும் அந்த நாட்டிலேயே, ரோலாவில் இருந்தோம். அப்பாவுக்கு ருவைஸில் ரிஃபைனரி வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார். ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கிளினிக்கில் காலை டியூட்டி விழுந்தது. என்னைப் பார்த்துக்கொள்ள வந்த மாமா, கடற்கரைக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னை வடக்கே ஒரு சிறு விமானத் திடலுக்குக் கூட்டிப்போனார்.

மஞ்சள் விமானம் தயாராக நின்றது. அங்கிள் ஒவ்வொரு திருகாணியையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தன் போனை என் கையில் கொடுத்தார்.

"ரெண்டே ரெண்டு சுத்து. வந்து இறங்கிருவேன். அம்மாட்ட மூச்சு விட்டுறாத, என்னட்டி?"

முதல் சுற்றில் எங்கள் தலைக்கு மேலே வந்து இறக்கையை ஆட்டிக் காட்டினார். நான் குதித்துக் குதித்துக் கையசைத்தேன். இரண்டாவது சுற்றுக்குத் திரும்பும்போது பாலைவனப் பக்கமிருந்து பழுப்பாக ஒரு மூட்டம் எழுந்தது. முதலில் மலைகள் மறைந்தன. பிறகு சாலை விளக்குக் கம்பங்கள். காற்றின் திசை காட்டும் துணிக்குழல் சட்டென்று மறுபக்கம் திரும்பி விறைத்து நின்றது. விமானத்தின் சத்தம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் காதுக்குள் இருந்ததா வெளியே இருந்ததா என்றே தெரியவில்லை.

அங்கிள் கையிலிருந்த ரேடியோவில் கூப்பிட்டார். இரைச்சல் மட்டும் வந்தது. மறுபடி கூப்பிட்டார். கடிகாரத்தைப் பார்த்தார், நான் கவனிப்பதைக் கண்டு சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.

"பெட்ரோல் எவ்வளவு இருக்கு அங்கிள்?"

"காணும் பிள்ளை, காணும்."

யாழ்ப்பாணத்தில் 'காணும்' என்றால் போதும் என்று அர்த்தம். எனக்கு அது தெரியாது. மாமாவைத்தான் காணோம் என்கிறார் என்று நினைத்து, நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்தேன். அங்கிளுக்கு நான் ஏன் அழுகிறேன் என்று புரியவில்லை. அவர் "காணுமெண்டு சொல்லுறனெல்லோ" என்று தேற்றத் தேற்ற என் அழுகை கூடியது.

அந்த நேரத்தில் போன் அடித்தது. அம்மா.

"மாமா எங்கட்டி?"

"குளிக்காங்கம்மா."

"நீ அழுதியா?"

"கண்ணுல உப்புத்தண்ணி பட்டுட்டு."

எனக்குப் பின்னால் அங்கிளின் ரேடியோ கரகரத்துக்கொண்டிருந்தது. "சரி. போனைக் கையிலயே வச்சிரு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதன்பிறகு எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது. வாயெல்லாம் மண் நறநறத்தது. இனிமேல் மாமா வரவே மாட்டார், அதை அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும், கடலில் முங்கிவிட்டார் என்று சொல்வதா உண்மையைச் சொல்வதா என்றெல்லாம் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

சத்தம் கடல் பக்கமிருந்து வந்தது. மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு மஞ்சள் மூக்கு மிகத் தாழ்வாகத் தெரிந்தது. காற்று பக்கவாட்டில் தள்ள, விமானம் நண்டுபோலக் கோணலாக வந்து, ஒற்றைச் சக்கரத்தில் தரையை இடித்துத் துள்ளி, மறுபடி இடித்து, ஓடுபாதையை விட்டு விலகிச் சரளையில் போய் நின்றது. நாங்கள் ஓடினோம். மாமா இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.  அங்கிள்தான் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டார்.

"என்னப்பா நீர், எங்களைச் சாகடிக்கப் பாத்தனீரோ?"

மாமாவின் ரேடியோ ஒயர் கழன்றுவிட்டதாம். திடல் கண்ணுக்குத் தெரியாமல் போக, தெளிவாக இருந்த கடல் பக்கம் போய்ச் சுற்றிவிட்டு, கரையோரமாகவே வழி பிடித்து வந்தாராம். 

போன் மறுபடி அடித்தது. இம்முறை அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"இறங்கிட்டானா?"

"இறங்கிட்டாங்கம்மா."

பெருமூச்சு ஒன்று கேட்டது. "டியூட்டி முடிஞ்சு போயி மீன்குழம்பு வைக்கேன். நேரா சாப்பிட வரச் சொல்லு."

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னட்டி சொன்னா?"

"சாப்பிட வரச் சொன்னாங்க."

"நல்லவேளை, அக்காவுக்குத் தெரியல" என்றார்.

நானும் தலையாட்டினேன். ஒரு பெரிய ரகசியத்தைச் சிந்தாமல் சிதறாமல் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு. கடலில் குளிக்கப் போனவனைக் கரையேறிட்டானா என்றுதான் கேட்பார்கள், இறங்கிட்டானா என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.